வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. போன ஐப்பசியில் என் பேரன் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் விழுந்துவிட்டான். அப்போது அவனுக்கு இரண்டே கால் வயது. மருமகள் களை எடுக்கப் போயிருந்தாள், நான் அடுப்படியில் இருந்தேன். அடுத்த வீட்டுப் பையன் பார்த்துத் தூக்கினான். தலைகீழாகப் பிடித்து உலுக்கியதும் தண்ணீர் கொட்டி, அழுதான். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பின்னால் நுரையீரலில் கோளாறு வருமா? இன்னமும் குளிப்பாட்டினால் அலறுகிறான். ஜூனில் மறுபடி தண்ணீர் வந்துவிடும். எங்கள் தெருவில் மட்டும் ஆறேழு சின்னப் பிள்ளைகள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் மூச்சுத்திணறல் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். சளிக்காய்ச்சல் வருவதானால் அடுத்த சில நாட்களில் வந்திருக்கும். மாதங்கள் கழிந்து நன்றாக ஓடியாடுகிறான் என்றால் அந்தத் தண்ணீரால் இனி நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை. அதற்காக எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியதும் இல்லை.

நீங்கள் அடுப்படியில் இருந்ததைக் குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். இந்த வயதுப் பிள்ளை மூழ்கும்போது சத்தமே வராது. கத்தாது, கையைக் காலை அடித்து ஆளைக் கூப்பிடாது. தலை கனம் அதிகம் என்பதால் குப்புற விழும், நிமிரத் தெரியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். மூளைக்கு மூச்சுக்காற்று போகாமல் நாலைந்து நிமிடம் ஆனால் பாதிப்பு தொடங்கிவிடும். உலை கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும் நேரம்தான் அது. தனி ஒரு ஆள், சமையலும் செய்துகொண்டு, இதைத் தடுக்க முடியாது. அதனால்தான் ‘எங்கள் தெரு’ என்று நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மேட்டூரில் ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். கல்லணையில் பிரிந்து உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்போதே நாற்றங்கால், நடவு என்று பெண்களுக்கு வேலையும் வந்துவிடுகிறது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்காலில்தான் பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள். அதே இடத்தில் ஒரு நாள் காலையில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

வங்கதேசத்திலும் குளமும் வாய்க்காலும் வீட்டை ஒட்டியே. காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை, அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் சாகிறார்கள் என்று அங்கே கவனித்தார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஊர்ப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டார். அதற்கு ‘ஆஞ்சல்’ என்று பெயர், நம் மொழியில் முந்தானை. அப்படிச் செய்த ஊர்களில் சாவு வெகுவாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது.

நம்மிடம் பால்வாடி இருக்கிறது. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள். ஆனால் ஒரு வயதுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை, பால்வாடி விட்டு வந்த பிறகு மீதியிருக்கும் மாலை, இவையெல்லாம் விட்டுப்போகின்றன. அங்கேதான் தெரு வேண்டும். தண்ணீர் குறைந்தால் வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊர் உங்களுடையது. பிள்ளைகளுக்கும் அப்படி முறை வையுங்கள். ஏழு வீடு என்றால் வாரத்தில் ஒரு நாள் ஒரு வீடு. அன்று அந்த ஆளுக்குச் சமையல் இல்லை, செல்போன் இல்லை, பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. நடவுக்குப் போகிறவர்கள் சேர்ந்து அவருக்கு அன்றைய கூலியில் ஒரு பங்கு கொடுத்தால் இது நிலைக்கும், சும்மா செய்யச் சொன்னால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமே, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள வைத்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று சொன்னது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான்.

வீட்டில் கொல்லை வாசலுக்கு ஒரு மூங்கில் படல் போடுங்கள். பெரியவர் இடுப்பு உயரம் இருக்கட்டும், பிள்ளை ஏறக் குறுக்குக் கம்பு வேண்டாம், கொக்கி வெளிப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பீப்பாய், அண்டா எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். படித்துறை பக்கத்து மரத்தில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை, மூடியை இறுக்கி, பத்து மீட்டர் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பெரிய பிள்ளை யாராவது விழுந்தால் நீந்தத் தெரியாதவர் குதிக்காமல் அதை வீசலாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மே 1 கிராம சபை தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே நடக்கிறது. மதகடியில் கம்பி வேலி, மண் எடுத்த குழிகளை மூடுவது, பால்வாடி நேரம், இவற்றை அங்கே எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, நீச்சல் கற்றுக்கொடுங்கள். சுரைக்குடுவை கட்டிக் கற்ற தாத்தாக்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

அப்புறம், அந்தத் தலைகீழ் விஷயம். பையன் அழுதது நல்ல காலம். ஆனால் கொட்டியது வயிற்றுத் தண்ணீர், நுரையீரல் தண்ணீர் அல்ல. தலைகீழாகப் பிடித்தாலும் வயிற்றை அமுக்கினாலும் வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், நேரமும் வீணாகும். தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் இல்லை என்றால் சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை லேசாகத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்படி ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குமாறு 30 அழுத்தம், அடுத்து இரண்டு மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில், மூச்சு வரும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். பிழைத்துக்கொண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதை நீங்கள் சரியாகவே செய்தீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைக்கும் எல்லா வீட்டாரும் இதைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, பொம்மையில் செய்து பழகிக்கொள்வது நல்லது.

பேரன் அலறுவது பயத்தில்தான். தலையில் செம்பால் ஊற்றாதீர்கள், ‘வாய்க்காலில் போட்டுவிடுவேன்’ என்று யாரையும் மிரட்டவும் விடாதீர்கள். கொஞ்ச நாள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனே தன் காலில் ஊற்றிக்கொள்ளட்டும். ஒரு மாதம் இப்படிச் செய்தும் குறையவில்லை, அல்லது தூக்கத்தில் பதறி எழுகிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.