பழைய தோல் கைப்பை: தண்ணீர், எண்ணெய், பித்தளை, பூசணம்

கே: அம்மா 1980-களின் கடைசியில் வாங்கிய பழுப்புத் தோல் கைப்பை பீரோவிலேயே கிடந்தது. தோல் வறண்டிருக்கிறது, கைப்பிடி மட்டும் கறுத்துவிட்டது. வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? (கும்பகோணம்)

ப: செய்யலாம். ஆனால் துணியை நனைப்பதற்கு முன் அது எந்த மாதிரித் தோல் என்று பார்த்துவிடுங்கள். பையின் அடியிலோ மூடியின் உட்பக்கத்திலோ ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் கவனியுங்கள். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால், மேல்பூச்சு இல்லாத தோல், அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். முத்துப்போல் உருண்டு நின்றால், மேலே நிறப்பூச்சு உள்ள தோல். பூச்சுள்ளதைச் சுத்தம் செய்வது சுலபம். பூச்சில்லாததோ வைத்ததையெல்லாம் குடித்துவிடும், தண்ணீர்க் கறை உட்பட.

நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. அதே தாவரப் பதனிடும் முறையில் செய்த பைகளைத்தான் 1978-இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம் பிரபலமாக்கியது. உங்கள் பையும் அந்த ரகமாக இருந்தால் வருடங்கள் போகப் போக நிறம் அடர்வது இயல்பு. அது அழுக்கல்ல. அதைச் சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் பையைக் காலி செய்து, மென்மையான பிரஷ்ஷால் தையல் ஓரங்களில் உள்ள தூசியைத் தட்டுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அது சேறாகித் தையலுக்குள் இறங்கும். கால் லிட்டர் தண்ணீரில் மூன்று நான்கு சொட்டு குழந்தைகள் ஷாம்பூ விட்டு நுரை வரக் கலக்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணியால் நுரையை மட்டும் தொட்டு, ஒரு தையலில் இருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதியையும் ஒரே சீராகத் துடையுங்கள். கறை உள்ள இடத்தை மட்டும் துடைத்தால் காய்ந்த பிறகு அங்கே வட்டமாக ஓரக்கோடு விழும். பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. உள்ளே பழைய காட்டன் துணி திணித்து, வெயில் படாமல் காற்றோட்டத்தில் 24 மணி நேரம். அவசரத்துக்கு ஹேர் ட்ரையர் பிடித்தால் தோல் சுருங்கி விறைக்கும்.

சலவை சோப்பும் பாத்திர சோப்புக் கட்டியும் வேண்டாம். அவை காரத்தன்மை உள்ளவை, பதனிட்ட தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. காரம் பட்டால் தாவரப் பதனீட்டுத் தோல் கறுக்கும், உலர்ந்ததும் வெடிக்கும். எலுமிச்சையும் வினிகரும் எதிர்ப்பக்கம் போய்த் தோலைக் கெடுக்கும்.

கைப்பிடியில் இருப்பது வியர்வையும் கை எண்ணெயும். ஈரம் படுவதற்கு முன், முதல் வேலையாக அதன் மேல் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) அழுத்திப் பூசி, ஓர் இரவு விட்டு, பிரஷ்ஷால் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பிசுபிசுப்பு போகும், கறுப்பு ஓரளவு குறையும். முழுதாகப் போகாது.

கே: வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்கிறார்கள். சரிதானா? (நாகர்கோவில்)

ப: வேண்டாம். தடவிய அன்று பளபளவென்றுதான் இருக்கும், அதனால்தான் இந்த யோசனை இத்தனை நாள் பிழைத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியிலோ ஏ.சி. அறையிலோ தோலின் மேல் வெள்ளையாகப் படியும். நாள்பட்டால் சிக்கு வாடை. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும் ரகம், அது இன்னும் மோசம். பூச்சுள்ள தோலில் எந்த எண்ணெயும் உள்ளே போகாது, மேலேயே நின்று தூசி பிடிக்கும்.

தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனர் கிரீம் வாங்குங்கள். நடுத்தர அளவுப் பைக்கு ஒரு டீஸ்பூன் போதும். அதைத் துணியில் எடுத்துத்தான் தடவ வேண்டும், பையின் மேல் நேராக ஊற்றக் கூடாது. 24 மணி நேரம் கழித்துக் காய்ந்த துணியால் தேய்த்துப் பார்த்து, இன்னும் வறட்சி தெரிந்தால் மட்டும் இரண்டாவது பூச்சு. பழைய பைகள் எண்ணெய் குறைந்து கெடுவதைவிட அளவுக்கு மேல் தடவித் தொளதொளத்துப் போவதுதான் அதிகம். வார் இழுபட்டு நீளும், ஓரப் பசை விடும்.

டப்பாவில் வரும் ஷூ பாலிஷ் கைப்பைக்கு ஆகாது. அந்த நிறம் அப்படியே புடவையில் ஏறும்.

கே: மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பை முழுக்க வெள்ளைப் படலம். பூசணமா? (சென்னை)

ப: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தோலுக்குள் இருக்கும் கொழுப்பே சில நேரம் மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். ஹேர் ட்ரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, சில நொடிகள் மட்டும் காட்டுங்கள். படலம் உருகி மறைந்தால் கொழுப்பு. காய்ந்த துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. மறையாமல் நின்று, முகர்ந்தால் மண்வாடை அடித்தால் பூசணம்.

பூசணமென்றால் பையை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப் போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பக்கத்துப் பைகளுக்கும் பரவும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை லேசாக நனைத்துத் துடைக்கலாம். ஆனால் ஸ்பிரிட் நிறத்தையும் கரைக்கும். மறைவான இடத்தில் பஞ்சால் தொட்டு, பஞ்சில் நிறம் ஏறவில்லை என்று உறுதி செய்த பிறகே செய்யுங்கள். உள்துணியையும் பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துத் துடையுங்கள், வாடை தங்குவது பெரும்பாலும் அங்கேதான். மிச்ச வாடைக்கு, அடுப்புக்கரியையோ சமையல் சோடாவையோ ஒரு கிண்ணத்தில் வைத்து, பையைத் திறந்தபடி மூடிய பெட்டிக்குள் ஒரு வாரம் விடுங்கள். சோடாவைத் தோலின் மேல் கொட்டாதீர்கள், அதுவும் காரம்தான். பாச்சை உருண்டை வாடையைப் போக்காது, தன் வாடையைச் சேர்க்கும்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அது தினப்படி. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டால் இந்தக் கேள்வியே வராது.

கே: பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி ஏதோ வருகிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (மதுரை)

ப: குத்துவிளக்குக்குப் புளி சரி, பைக்கு வேண்டாம். புளிச்சாறு தோலில் இறங்கினால் கறுப்புக் கறை நிற்கும். அந்தப் பச்சை, பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் களிம்பு. கண்டிஷனரை பக்கிளைச் சுற்றி அப்பினால் இன்னும் சீக்கிரம் வரும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு மிச்சத்தைத் துடையுங்கள்.

மெருகேற்றும் முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டும். பாலிஷ் போட்டால் முலாம்தான் போகும். ஒட்டாமல், கீறிய இடத்திலும் மஞ்சளாகவே இருந்தால் திடப் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பிளாஸ்டிக் அட்டையை உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவே செருகி, பட்டாணி அளவு பித்தளை பாலிஷ் மட்டும் எடுத்துத் தேயுங்கள். தையலுக்குள் பாலிஷ் புகுந்தால் வெள்ளைப் பொடியாகக் காய்ந்து நிற்கும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

கே: அமெரிக்கர்கள் பழைய கோச் பைகளை வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவும் வீடியோ பார்த்தேன். நானும் செய்யலாமா? (கோயம்புத்தூர்)

ப: அந்தப் பைகளின் கட்டுமானம் வேறு. கோச், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1941-இல் தொடங்கிய தோல் பட்டறை. 1962-இல் வடிவமைப்பாளர் பானி கேஷின் அங்கே சேர்ந்தார். தன் காரின் மடக்குக் கூரையைப் பூட்டும் திருகைப் பார்த்து, இன்று எல்லோரும் நகலெடுக்கும் அந்தப் பித்தளைத் திருகுப் பூட்டைப் பைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தக் காலத்துப் பைகளில் பல தடித்த மாட்டுத்தோல், உள்துணி கிடையாது, உள்ளே அட்டையோ ஸ்பான்ஜோ கிடையாது. நனைந்தாலும் குலைவதற்கு ஒன்றுமில்லை.

அப்படிப்பட்ட பைதான் உங்களிடம் உள்ளதென்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு ஷாம்பூ விட்டு 10 முதல் 15 நிமிடம். சாயம் இறங்கும், அதிலும் சிவப்பும் கருநீலமும் நிறையவே. இரண்டு மூன்று முறை அலசி, தேங்காய்ப்பூ துண்டைத் திணித்து உருவம் கொடுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள். லேசான ஈரம் இருக்கும்போதே கண்டிஷனர். மற்ற எந்தப் பையாக இருந்தாலும் முக்காதீர்கள். அட்டை ஊறி உப்பும், பசை விட்டுவிடும், உள்துணிச் சாயம் தோலுக்கு ஏறும்.

கே: பால்பாயிண்ட் பேனா மை? (சேலம்)

ப: பழைய மை போகாது. ஹேர் ஸ்ப்ரே அடித்தால் மையோடு தோலின் நிறமும் போகும்.

கே: 1990-களின் வெளிநாட்டுப் பை. வெளித்தோல் புதுசு போல இருக்கிறது, உள்ளே மட்டும் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. (தஞ்சாவூர்)

ப: உள்பக்கம் பாலியூரித்தேன் பூசிய துணி. அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தாலேயே சிதையும், பையைத் தொடாமல் வைத்திருந்தாலும் சிதையும். பவுடர் தூவினால் சில வாரம் தாங்கும். நிரந்தர வழி, உள்துணியை முழுதாகப் பிரித்து எடுத்துவிட்டு நெருக்கமாக நெய்த காட்டன் துணி வைத்துத் தைப்பதுதான். பை ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். பழைய உள்துணியைத் தூக்கி எறியாமல் அளவுக்கு வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

கே: வார் தையல் விட்டிருக்கிறது. ஓரங்களும் வெடித்திருக்கின்றன. (திருநெல்வேலி)

ப: 0.8 மி.மீ. மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், முனை மழுங்கிய இரண்டு ஊசி. நூலின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி கோத்து, ஒரே துளை வழியாக எதிரெதிராக விட்டுத் தைக்க வேண்டும். பழைய துளைகளிலேயே போங்கள். புதுத் துளை போட்டால் அந்த வரிசையே கிழிகோடாகிவிடும். விட்டுப்போன இடத்துக்கு இரு பக்கமும் மூன்று தையல் தள்ளித் தொடங்கி முடியுங்கள். சாதாரணக் காட்டன் நூல் சில மாதத்தில் அறுந்துவிடும்.

ஓரத்துக்கு, உரிந்து நிற்கும் பழைய பூச்சை எடுத்துவிட்டு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஓரப்பெயின்ட் மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் மறுபடி தேய்த்து இன்னொரு பூச்சு. மூன்றாவது பூச்சில் வழவழப்பு வரும். ஒரே பூச்சில் தடிமனாகப் போட்டால் வாரை மடக்கும்போது மறுபடி வெடிக்கும்.

கே: “அசல் தோல்” என்று ஆன்லைனில் வாங்கிய பை 14 மாதத்தில் தாள் தாளாக உரிகிறது. ஏதாவது செய்ய முடியுமா? (ஈரோடு)

ப: படலமாக உரிந்து கீழே நெய்த துணி தெரிந்தால் அது தோலே அல்ல, துணி மேல் பூசிய பிளாஸ்டிக். “வீகன் லெதர்” என்று விற்பதும் பெரும்பாலும் இதுதான். இதைச் சரிசெய்ய எந்தக் கிரீமும் கிடையாது, பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் பொய் சொல்லி விற்றதற்குக் கேள்வி கேட்கலாம். பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உரிந்த இடத்தின் கிட்டத்துப் படம் மூன்றையும் சேர்த்து விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாருக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

கே: பழைய பையை வாங்கும்போது எதைப் பார்த்தால் ஏமாற மாட்டோம்? அத்தை கொடுத்த பை ஒன்றிலிருந்து செம்மண் மாதிரி பொடி உதிர்கிறது, அதையும் சொல்லுங்கள். (புதுச்சேரி)

ப: விற்பவரிடம் நான்கு மூலைகள், வார் துளைகள், வார் மடங்கும் இடம், உள்ளடி ஆகியவற்றின் படம் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். அழுக்கு, வறட்சி, தையல் விட்டது, மங்கிய பித்தளை எல்லாம் சரியாகும், அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். மேல்தோலில் விழுந்த வெடிப்பு மூடாது, கிரீம் அதை மறைக்க மட்டும் செய்யும்.

செம்பொடி உதிர்வது, மிகப் பழைய தாவரப் பதனீட்டுத் தோலில் அமிலம் சேர்ந்து நாரே சிதைந்துவிட்ட நிலை. இதற்குத் திரும்பும் வழி இல்லை. தண்ணீர் பட்டால் கறுத்து விறைத்துவிடும், எண்ணெய் பட்டால் சகதியாகும். காய்ந்த மென்பிரஷ்ஷால் பொடியைத் தட்டி, காட்டன் துணியில் சுற்றி, மேலே பாரம் வைக்காமல் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டாம், வெள்ளைப் புடவையோடு கண்டிப்பாக வேண்டாம்.