மகாவலித் தண்ணீர் யாருக்கு?

கேள்வி: மகாவலியில் வரிசையாக மின்நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். கடைசியில் இருக்கிற எங்களுக்கு என்ன பங்கு? (வாசகர், மூதூர்)

பதில்: நியாயமான கேள்விதான். கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிற ஆறு, அதற்கு முன்பே பல கைகள் மாறித்தான் வருகிறது. கொத்மலை அணை விட்ட தண்ணீர், கண்டிக்குப் பக்கத்தில் ஆற்றைத் திருப்புகிற பொல்கொல்ல அணைக்கு வந்ததும் ஒரு பகுதி சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்கும், அப்புறம் வடக்கே வயல்களுக்கும் போகிறது. மிச்சம்தான் விக்டோரியா (210 மெகாவாட்), ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைக்கு அணை இறங்கும். அதாவது பொல்கொல்லவில் திருப்பிய தண்ணீர் இந்த மூன்றுக்கும் இல்லை, அங்கே விவசாயி கேட்பதும் மின்சாரக்காரர் கேட்பதும் நேரெதிர். மற்றபடி டேர்பைன் (மின்நிலையச் சுழலி) தண்ணீரைக் குடித்துவிடாது, தண்ணீர் அதைச் சுழற்றிவிட்டுக் கீழே போகும். ஆனால் எந்த மாதம் அனுப்புகிறார்கள் என்பதில்தான் சண்டையே. மழைக்காலத்தில் தேக்கி சிறுபோகத்தில் (வறண்ட காலப் பயிர்ச்செய்கையில்) விட்டால் உங்கள் பக்கத்து வெருகல், அல்லை வயலுக்கும் நல்லது. இதற்காகப் போகத்துக்கு முன் மகாவலி அதிகார சபை, மின்சாரத் தரப்பு, நீர்ப்பாசனத் தரப்பு எல்லாம் கூடித் திட்டம் போடுகின்றன.

பங்கா? மின்சாரம் நாடு முழுதும் ஒரே வலையமைப்பில் போகிறது, ஆற்றோர ஊருக்கென்று தனிக் கட்டணக் கழிவு கிடையாது. என்னைக் கேட்டால், மின் வருமானத்தில் ஒரு துளியாவது வெருகல் வாய்க்கால் திருத்த வரவேண்டும். அணைக்கதவு திறக்கும் செய்தியும் நேரத்தோடு வந்தால் சரி.