யமுனைக்குக் கலை என்ன செய்யும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தில்லியில் ஒரு கேலரியில் சுற்றுச்சூழல் கண்காட்சி பார்த்தேன். காலி பாட்டில்களால் செய்த பெரிய மீன், யமுனை நுரையின் படங்கள், ஏசி அறை. திரும்பும் வழியில் காளிந்தி குஞ்சில் அதே நுரை. இந்தக் கலையால் ஒரு குடம் தண்ணீராவது சுத்தமாகுமா?

பி.கு.: இப்படிப்பட்ட கலைஞர் யாராவது நம் ஊர்ப் பக்கம் வந்ததுண்டா?

கே., மயூர் விஹார்

அன்புள்ள கே.,

ஆகாது. தில்லிக்குள் வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை ஆறு ஓடுவது 22 கிலோமீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அந்த இடைவெளியில் சாக்கடைகள் கொட்டுவதைச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் தடுக்க வேண்டும். பாட்டில் மீன் எனக்கும் அலுத்துவிட்டது. அது சொல்லப்போவது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது.

ஆனால் சுத்தம் செய்வது யார், சுத்தத்தின் பெயரால் வெளியேற்றப்படுவது யார் என்று கேட்கிற கலையும் இருக்கிறது. நியூயார்க்கின் மியெர்ல் லேடர்மன் யூகிலிஸ், குழந்தை பிறந்த பிறகு 1969இல், வீட்டைப் பெருக்கித் துடைப்பதும் கலைதான் என்று அறிக்கை எழுதியவர். 1979-80இல் அந்நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். படைப்பே அவ்வளவுதான். அதனால் எந்தத் தெருவும் கூடுதலாகச் சுத்தமாகிவிடவில்லை.

நம் தில்லியில் ரவி அகர்வால். புகைப்படக்காரர்; டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பைத் தொடங்கி நச்சுக் கழிவுகளுக்கு எதிராக வேலை செய்பவரும்கூட. யமுனைக் கரையில் செண்டுமல்லி பயிரிடுகிறவர்களை அவர் 2007 வாக்கில் படமெடுத்தார். நாம் செத்த ஆறு என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு குடும்பம் பூப்பறித்துப் பிழைக்கிறது. அந்தப் பூதான் மாலையாகி, பாலத்தின் மேலிருந்து மறுபடி ஆற்றில் விழுகிறது. நுரைப் படம் இதையெல்லாம் காட்டுவதில்லை. அதில் ஆளே இல்லை, பாருங்கள்.

தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப்பகுதியான மதராசி கேம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். யமுனையில் போய்க் கலக்கும் பாராபுல்லா நாலாவை, அதாவது வடிகாலை, தூர்வார வேண்டும், வெள்ளம் தேங்குகிறது என்று நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 வீடுகளை இடித்தார்கள். பெரும்பாலும் நம் ஜனங்கள். பக்கத்துக் காலனிகளில் வீட்டுவேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நகரத்தின் வடக்கு ஓரத்தில் நரேலாவில் வீடு. அங்கிருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வந்து போவதை யோசித்துப் பாருங்கள். நாலாவைத் தூர்வாரத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த யமுனைக் கண்காட்சியில் எனக்குப் பார்க்க வேண்டியது இந்த 370 வீடுகளின் கதை.

பின்குறிப்புக்குப் பதில்: வந்திருக்கிறார், அதே அகர்வால்தான். 2013-15இல் புதுச்சேரிப் பக்கத்து மீனவர்களோடு பழகி, சங்கக் கவிதையின் திணைகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு தொடர் செய்தார். நல்ல வேலை. இருந்தாலும் எனக்குச் செண்டுமல்லிதான் ஒரு படி மேல்.