‘ஒண்டுமில்லை’ என்கிறவர்களைப் பற்றி: கேள்வி பதில்

திருகோணமலையில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். தவிர்ப்பு ஆளுமைக் கோளாறு பற்றி வந்த கேள்விகள் இவை.

உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா: தம்பிக்கு 26 வயது. அந்தக் கோளாறு என்று டொக்டர் சொன்னார். மனதில் என்ன என்று கேட்டால் “ஒண்டுமில்லை” என்கிறான். மறைக்கிறானா?

மறைக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். இவர்களுக்கு மற்றவர்கள் பழிப்பார்களோ, ஒதுக்குவார்களோ என்ற பயம்தான் முன்னுக்கு நிற்கும். உறவு வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருக்கும். ஆட்களைத் தவிர்ப்பது போலவே தன் உணர்ச்சியையும் தவிர்த்துத் தவிர்த்து வந்தவருக்கு, உள்ளே கிடப்பது கோபமா வெட்கமா என்று பிரிக்கத் தெரியாமல் போகலாம். இதற்கு அலெக்ஸிதைமியா என்று 1970களில் பெயர் வைத்தவர் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர். கிரேக்கச் சொல், உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள். கோளாறு உள்ள எல்லோருக்கும் இது இருக்காது.

“என்ன நினைக்கிறாய்” என்று குடையாதீர்கள். “கலியாண வீட்டுக்குப் போவம் எண்டதும் உடம்பில எங்க என்ன செய்யுது?” என்று கேளுங்கள். ஆட்கள் முன்னால் வேண்டாம்.

கிண்ணியா: போனில் அலெக்ஸிதைமியாவுக்கான 20 கேள்விச் சோதனை செய்தேன். 64 வந்தது. எனக்கும் அந்தக் கோளாறா?

அந்தச் சோதனையில் 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அலெக்ஸிதைமியா என்பார்கள். அது ஓர் இயல்பு, ஆளுமைக் கோளாறு அல்ல. மனச்சோர்வு இருந்தாலும் எண் கூடும். தன் உணர்ச்சி தெரியாதவரிடமே உணர்ச்சி தெரியுமா என்று கேட்கிற சோதனை, அதையும் யோசியுங்கள். போனைப் பார்த்து நோய் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

மூதூர்: நம் சனம் எப்போதும் ‘நெஞ்சு பாரம்’, ‘வயிறு எரியுது’ என்றுதான் சொல்லும். அப்போ எல்லோரும் நோயாளிகளா? இது வெள்ளைக்காரன் கணக்கு.

நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். வயிறு எரிகிறது என்கிற அம்மாவுக்கு யார்மேல், எதற்கு என்று தெரியும். கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார். அது அச்சொட்டான உணர்ச்சிச் சொல்.

தம்பலகாமம்: அப்பா நெஞ்சு பாரம் என்று மூன்று தரம் ஈசிஜி எடுத்தார். இதயத்தில் ஒன்றுமில்லை. எதனால் என்று கேட்டால் முழிக்கிறார்.

மூதூர்க்காரருக்கு மறுபக்கம் இதுதான். பாரம் எங்கே என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. ஆனால் முதலில் ஈசிஜி எடுத்தது சரி. அதை ஒருவரும் விடாதீர்கள்.

மூதூர் மறுபடியும்: அப்பாமார் எல்லோரும் அப்படித்தான்!

சில பேர். வேறு சிலருக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள். உப்புவெளித் தம்பி எந்தப் பக்கம் என்பதுதான் எனக்கும் கேள்வி.

நிலாவெளி: மாத்திரை உண்டா?

இதற்கென்று இல்லை. கூடவே மனச்சோர்வு இருந்தால் மருத்துவர் அதற்குத் தருவார். மற்றபடி கதைத்துக் கதைத்துத்தான்.

சீனக்குடா: அந்தச் சோதனையில் எனக்கு 58 வந்தது. பயப்பட வேண்டுமா?

கிண்ணியாவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

இன்னொருவர்: எனக்கு 70!

போனை வையுங்கள்.

உப்புவெளி அக்கா: கேட்டேன். “தொண்டை இறுகுது” என்றான். அடுத்து என்ன கேட்க?

இன்றைக்கு ஒன்றும் கேட்க வேண்டாம். தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள்.