கழல மறுக்கும் வாட்டர் பம்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய அம்பாசிடர், பெட்ரோல். வாட்டர் பம்பின் நாலு போல்ட்டையும் எடுத்தாயிற்று. தட்டியும் அசையவில்லை. புல்லர் போட்டு இழுக்கலாமா? (தண்டையார்பேட்டை)

புல்லர் (கொக்கி மாட்டி இழுக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். அது பிடித்து இழுப்பது புல்லி உட்காரும் ஹப்பை. ஹப், ஷாஃப்டில் இறுக்கி ஏற்றப்பட்டது. இழுத்தால் ஹப் மட்டும் கழன்று வரும், பம்பு பிளாக்கோடு (எஞ்சினின் பிரதான உடலோடு) அப்படியே நிற்கும். பிறகு பிடித்து ஆட்டக்கூட ஒன்றும் இருக்காது.

முதலில் பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோவை, மாற்றியிருந்தால் ஆல்டர்னேட்டரை, பாருங்கள். இந்த எஞ்சினில் அதைத் தாங்கும் ஒரு போல்ட் பம்பு உடலிலேயே ஏறுகிறது. அதை விட்டுவிட்டு மற்ற நாலையும் கழற்றினால் பம்பு நகராது. கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தால் அந்த போல்ட் கண்ணுக்கே தெரியாது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவிவிட்டுத் தேடுங்கள்.

அதுவும் கழன்றிருந்தால் பம்பைப் பிடித்துவைத்திருப்பது பழைய கேஸ்கெட்டின் (சேரும் முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தாளின்) பசையும் துருவும்தான். இரண்டு போல்ட்டை நாலைந்து மரை மட்டும் திரும்ப ஏற்றி வையுங்கள். பம்பு திடீரென விட்டால் ரேடியேட்டர் மேல் பாயாது. துரு இளக்கும் ஆயிலைச் சேர்மானக் கோட்டில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு மரக்கட்டையைப் பம்பு உடலின் பக்கவாட்டில் வைத்து இடது, வலது என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். முன்னால் இழுப்பதைவிடப் பக்கவாட்டில் அசைத்தால்தான் பசை விடும். பிறகு மெல்லிய பட்டிக் கத்தியைக் கேஸ்கெட் கோட்டில் தட்டி இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரோ உளியோ வைத்து நெம்பாதீர்கள். பம்பு உடைந்தால் புதியது வாங்கலாம். பிளாக் முகத்தில் விழும் ஒரு கோடு எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் கசியும்.

மாருதி 800-இல் 10 ஸ்பானர் போல்ட் ஒன்று தலை முறிந்துவிட்டது. ஈசி அவுட் போடலாமா? (வியாசர்பாடி)

இப்போதே போடாதீர்கள். துருப்பிடித்துச் சிக்கிய எம்6 (6 மி.மீ.) போல்ட்டில், முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் உள்ளேயே முறியும். அது கெட்டியான எஃகு, சாதாரண ட்ரில் பிட் ஏறாது. சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

மற்ற போல்ட்களை எடுத்துப் பம்பை வெளியே இழுங்கள். பெரும்பாலும் போல்ட் சிக்கியிருப்பது பம்பின் அலுமினியத் துளைக்குள்தான்: எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். பம்பு வந்ததும் மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு நட்டு வைத்து உள்வழியாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சிவப்பு அடங்கி, சூடு இருக்கும்போதே ஸ்பானர் போட்டு முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஆயில் ஊறவிட்ட இடத்தையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பிளாக் மட்டத்திலேயே முறிந்திருந்தால் நட்ட நடுவில் சென்டர் பஞ்ச், 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 5 மி.மீ. வரை, பிறகு மரை வெட்டும் எம்6 டேப். துளை கோணிப்போனால் லேத்துப் பட்டறையில் ஹெலிகாய்ல் (கம்பிச் சுருள் மரை) போட்டுக்கொள்ளலாம்.

மாருதி 800-க்கு டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் பம்பு எடுக்க முடியாதா? (பெரம்பூர்)

முடியாது. கழற்றும் முன் டைமிங் குறிகளை (வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓட வைக்கும் அடையாளங்களை) சேர்த்து வையுங்கள். பழைய பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், பெல்ட்டை முறுக்காக வைக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள்.

புதுப் பம்பு போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி ஒழுகுகிறது. வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (எண்ணூர்)

காரணம் அந்தத் தண்ணீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறியிருப்பது தெரிந்த விஷயம். அந்த உப்பு பம்பின் இறக்கையை அரிக்கும், தண்ணீர்ச் சட்டைக்குள் (பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழிக்குள்) உப்புப் படிவு கட்டும். படிவு உதிர்ந்து பொடியாகி, ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீலின் வழவழப்பான முகத்தைத் தேய்க்கும். பம்புக்கு அடியில் உள்ள சிறு துளையில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே சொட்டினால் சீல் போயிற்று, கேஸ்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

போர் தண்ணீரை நிறுத்துங்கள். ரேடியேட்டரையும் பிளாக்கையும் நீர் தெளியும்வரை கழுவி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாது, அதனால் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். அதிலுள்ள துருத் தடுப்பு மருந்துக்காகத்தான். ஆர்.ஓ. தண்ணீர் அதிகம் படிவு கட்டாது, ஆனால் தனியாக ஊற்றினால் துருவைத் தடுக்காது.

ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. இறங்க வேண்டும். வீணைத் தந்திபோல் முறுக்கினால் பேரிங் ஆடத் தொடங்கும், சீலும் அதோடு போகும்.

கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் தடவலாமா? எவ்வளவு இறுக்க வேண்டும்? (ராயபுரம்)

முகம் சுத்தமாக இருந்தால் பேப்பர் கேஸ்கெட்டே போதும். தடவியே ஆக வேண்டும் என்றால் படலம்போல் மெல்லியதாக. பிதுங்கும் சிலிக்கான் உள்ளே உதிர்ந்து ரேடியேட்டர் குழாயை அடைக்கும். அடி மூடிய போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் ஊதி எடுங்கள். அப்படியே இறுக்கினால் உலோகம் வெடிக்கும். அம்பாசிடரின் 5/16 அங்குல போல்ட்டுக்கு சுமார் 23 நியூட்டன் மீட்டர், எம்6-க்கு 10. எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

வடித்த பழைய கூலன்டைக் கால்வாயில் விடலாமா? (கொருக்குப்பேட்டை)

கூடாது. இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவர் கூலன்டும் எடுப்பாரா என்று கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனில்.