மாற்றுப் பாகம் போட்ட பழைய பிஸ்டல்: வாங்கலாமா, வேண்டாமா?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்துப் பழம்பொருள் ஆர்வலர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக்குழல் பிஸ்டல் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி (கும்பகோணம்): ஐயா, பழைய பாத்திரக் கடை ஒன்றில் சக்கிமுக்கிக் கல் வைத்த பிஸ்டல் வந்திருக்கிறது. பக்கத் தகட்டில் (சுடும் பாகங்களைத் தாங்கும் தகடு) எழுந்து நிற்கும் சிங்கம் பொறித்திருக்கிறது. குதிரையும் (கல்லைப் பிடித்து அடிக்கும் சுத்தி) உள் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டது. "இப்பவும் சுடும்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை ஏற அவர் எதைக் காரணம் காட்டுகிறாரோ, அதற்காகவே நீங்கள் ஒதுங்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, உட்பிரிவு (சி), பழைய மாதிரி ஆயுதங்களுக்கும் பழம்பொருள் மதிப்புள்ளவற்றுக்கும் பழுதானவற்றுக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடுகருவியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். "பழுதுபார்த்தாலும்" என்ற சொல்லைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். இருநூறு வருடப் பழசு என்பதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. புது ஸ்பிரிங்கில் குதிரை அடிக்கிறது, கல் பொறி தட்டுகிறது, குழலும் தீத்துளையும் (பொறி உள்ளே மருந்துக்குப் போகும் சிறு துளை) திறந்திருக்கின்றன என்றால் அது உரிமம் வேண்டிய துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமமின்றி விற்பவருக்குத் தண்டனை இன்னும் கடுமை.

சிங்கக் குறி கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, 1808இலிருந்து போட்டார்கள். அதற்கு முன் நான்கு கூறாகப் பிரித்த இதய வடிவம். ஆகவே குறி உண்மையானால் பொருள் நல்ல பொருள். அதை விட மனமில்லை என்றால், பணம் கொடுக்கும் முன் படங்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, விலக்கில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். காவல்துறை ஆயுதப் பிரிவினர் பார்த்துச் சொல்வார்கள். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லும் "ஆன்டிக் சார், லைசென்ஸ் வேண்டாம்" எதற்கும் உதவாது.

கேள்வி (திருவாரூர்): எந்தப் பாகம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்? எது மாறியிருந்தால் தொடவே கூடாது?

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

குழல், பக்கத் தகடு, மரக் கட்டை இவை மூன்றும் ஒன்றாகப் பிறந்தவையாக இருக்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் அது சேர்த்துக் கட்டிய பொருள். அதற்கு முழுப் பொருளின் விலை கொடுக்காதீர்கள். கெட்டிக்கும் கம்பி மாறியிருந்தால் கவலையே வேண்டாம். அது தொலைவது சகஜம், அசலோடு கிடைப்பதுதான் அபூர்வம். கல், கல்லைப் பிடிக்கும் தோல், ஒன்றிரண்டு திருகாணி மாறியிருந்தாலும் பரவாயில்லை. குதிரை, பொறி தட்டும் எஃகுத் தகடு, விசைக் காப்பு வளையம் மாறியிருந்தால் பேரம் பேச வேண்டும். ஆனால் கம்பெனிப் படையிலேயே, அந்தக் காலத்திலேயே மாற்றிய பாகமும் உண்டு. அப்படி மாற்றியது குறையே அல்ல, அதுவும் அந்தப் பொருளின் வரலாறு. ஆகவே மாறியதா என்று கேட்பதோடு நிற்காமல், எப்போது மாறியது என்று பாருங்கள்.

அதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் நல்ல வெளிச்சமும் போதும். பக்கத் தகட்டையும் குதிரையையும் சேர்த்துப் பாருங்கள். இருநூறு வருடம் ஒன்றாகக் கிடந்தவற்றில் துருக்குழிகள் தகட்டில் தொடங்கிக் குதிரையின் அடிவரை ஒரே மாதிரி பரவியிருக்கும். தகடு அம்மைத் தழும்பாக இருக்கக் குதிரை வழவழவென்றிருந்தால் குதிரை பின்னால் வந்தது. அடுத்து, குதிரையின் தோள் கீழே இறங்கும்போது தகட்டின் விளிம்பில் சரியாக உட்காருகிறதா, கல் எஃகுத் தகட்டின் நடுவில் படுகிறதா என்று கவனியுங்கள். வேறு பிஸ்டலின் குதிரையென்றால் ஓரத்தில்தான் படும்.

பிறகு விற்பவரையே பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குதிரையைப் பாதி நிறுத்தத்தில் (பாதி இழுத்து நிற்கும் நிலையில்) வைத்து, எதிர்ப்பக்கத்து இரண்டு நீளத் திருகாணிகளைத் தளர்த்தி, அவற்றின் தலையில் மெல்லத் தட்டினால் தகடு வெளியே வரும். திருகாணிகளை முழுதாக உருவிவிட்டுத் தகட்டை நெம்பினால் கட்டையின் விளிம்பு சிம்பாகப் பெயரும். உள்ளே பாகங்களில் அரத்தால் போட்ட சிறு கோடுகள் இருக்கலாம். சேர்ந்த பாகங்களுக்குத் தொழிலாளர் போட்ட அடையாளம் அது. எல்லாவற்றிலும் மூன்று கோடு, ஸ்பிரிங்கில் மட்டும் இல்லை என்றால் ஸ்பிரிங் மாறியிருக்கிறது. திருகாணிகளில் மரை ஒவ்வொன்றும் சற்று வேறாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். இங்கிலாந்தில் விட்வொர்த் என்ற பொறியாளர் மரைக்குப் பொது அளவு வகுத்தது 1841இல்தான். அதற்கு முன் பட்டறைக்குப் பட்டறை மாறும். இன்றைய மில்லிமீட்டர் நட்டு சுலபமாக ஏறினால் அந்தத் திருகாணி நேற்று வந்தது.

கட்டையில் தகடு உட்காரும் குழியையும் பாருங்கள். அசல் குழி தகட்டின் உறுப்புகளை ஒட்டி வெட்டப்பட்டிருக்கும். தேவைக்கு மேல் தோண்டி, எம்-சீல் வைத்து அடைத்திருந்தால் வேறு கட்டையில் வேறு தகட்டைத் திணித்திருக்கிறார்கள்.

கேள்வி (தரங்கம்பாடி): கேப்பு வகையாக (குதிரை அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடி போடுவது) இருந்ததை மறுபடி கல் வகையாக மாற்றி விற்கிறார்கள் என்கிறார்களே, கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: 1830களிலிருந்து கல் வகையைக் கேப்பு வகையாக மாற்றுவது பரவலாக நடந்தது. மருந்துக் கிண்ணியையும் (தீத்துளைக்கு வெளியே பற்றவைக்கும் மருந்து போடும் சிறு குழி) எஃகுத் தகட்டையும் எடுத்துவிட்டு, தீத்துளையைப் பெரிதாக்கிக் கேப்பு மாட்டும் காம்பைத் திருகினார்கள். இன்று கல் வகைக்கு மதிப்பு அதிகம் என்பதால் சிலர் திருப்பி மாற்றுகிறார்கள்.

தீத்துளையைச் சுற்றி லென்ஸில் வட்டக் கோடு தெரிகிறதா பாருங்கள். காம்பு இருந்த பெரிய துளையை அடைத்து நடுவில் சிறு துளை போட்டதன் தடம் அது. அசல் கல் வகையில் துளையைச் சுற்றி மருந்து எரிந்து அரித்த சிறு குழிகள் இருக்கும். அரிப்பே இல்லாமல் சுத்தமாக இருந்தால் சந்தேகம் வர வேண்டும். கிண்ணிக்கும் குழலுக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் அப்படியே. இதற்கு நேர்மாறாக, மாற்றத்தை மாற்றாமல் கேப்பு வகையாகவே வந்தால் அதை மதித்து வாங்குங்கள். அந்தக் காலத்து மாற்றம் பொய் சொல்வதில்லை.

கேள்வி (காரைக்கால்): பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றது என்று ஒன்று காட்டுகிறார்கள். பித்தளை அதிகம், "டவர்" என்று எழுத்து, கிரீடம்.

பதில்: டவர் என்பது லண்டன் கோபுரம், பிரித்தானிய அரசுப் படைக்கலக் குறி. அதைப் பிரெஞ்சுப் பொருள் என்று சொல்லும்போதே கதை உடைகிறது. பிரெஞ்சு ராணுவப் பிஸ்டலில் செயிண்ட் எத்தியென் போன்ற பட்டறைப் பெயர் இருக்கும்; நெப்போலியன் காலத்து மாதிரிகளில் மருந்துக் கிண்ணி பித்தளையில் இருக்கும். பிரித்தானியப் படைப் பிஸ்டலில் கிண்ணி இரும்பு.

எழுத்தை லென்ஸில் பாருங்கள். அடித்துப் பொறித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக, லேசாக மேடிட்டிருக்கும். அச்சில் ஊற்றிய எழுத்தின் ஓரம் மழுங்கி, அடியில் மணல்மணலாகப் புள்ளி தெரியும். குழல் பாதியில் அடைபட்டிருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அலங்காரத்துக்குச் செய்த புதுப்பொருளாகத்தான் இருக்கும்.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, ஸ்பிரிங் ஒடிந்த கேப்பு பிஸ்டல் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய ஆக்சா பிளேடு எஃகில் ஸ்பிரிங் அடித்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். செய்துவிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். உரிமமில்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பட்டறைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். ஒடிந்த ஸ்பிரிங்கின் இரண்டு துண்டையும் தூக்கிப் போடாமல் சிறு டப்பாவில் பிஸ்டலோடு வையுங்கள். அசல் துண்டுகளோடு இருக்கும் பழுதான பிஸ்டலைச் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள். ஆனால் ஸ்பிரிங் ஒடிந்ததால் மட்டும் அது விலக்கில் வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்பதால். கும்பகோணத்துக்காரருக்குச் சொன்னபடி எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): உள்ளே மருந்து இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

பதில்: பயம் நியாயம். கெட்டித்தபடியே பரணில் போட்டவை நிறைய உண்டு. கருமருந்து ஈரம்படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும்.

குதிரையைத் தொடாதீர்கள். வாய் யார் பக்கமும் இல்லாமல் பிஸ்டலைப் படுக்க வைத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, நேரான மூங்கில் குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெல்ல விடுங்கள். குத்தக் கூடாது. தட்டியதும் வாய் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து, கோடு வாயில் இருக்கும்படி குழலின் வெளிப்புறத்தில் வையுங்கள். குச்சி நுனி தீத்துளை வரை வந்தால் காலி. இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னமே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாகவும் இருக்கலாம், மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். தோண்டுவது, சூடு காட்டுவது, துளை போடுவது எதுவும் வேண்டாம். காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என்னிடம் .32 (குழல் விட்டம், அங்குலத்தில்) உரிமம் இருக்கிறது. பழைய வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல் விலைக்கு வருகிறது. ஸ்பிரிங்கும் பிடித் தகடுகளும் மாற்றியது. தாத்தாவின் .455 வெப்லி ரிவால்வரும் வீட்டில் இருக்கிறது.

பதில்: முதலில் தாத்தாவுடையது. அது பழம்பொருள் விலக்கில் வராது; உங்கள் .32 உரிமத்திலும் ஏறாது. அவர் உரிமம் அவரோடு முடிந்தது. 21ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு உரிமை பற்றியெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

.32ஐப் பொறுத்தவரை, வெளிநாட்டு இறக்குமதி 1980களின் நடுவில் நின்றதால் பழையவற்றுக்கு விலை அதிகம். ஆகவே விழிப்பும் அதிகம் வேண்டும். இதன் பெரிய ஸ்பிரிங் 'வி' வடிவத்தில் வலது பிடித் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. பழைய வல்கனைட் (கெட்டி ரப்பர்) தகடு காலப்போக்கில் நொறுங்கும். அதனால் ஸ்பிரிங்கும் தகடும் மாறியிருப்பது இயல்பு, குறை இல்லை. குழலோ மேல் ஸ்லைடோ மாறியிருந்தால் விடுங்கள். குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் உட்சுவரில் கருவளையம் தெரிந்தால் குழல் ஒருமுறை உப்பியிருக்கிறது, அதையும் விடுங்கள். உடலில் உள்ள எண்ணும் விற்பவர் உரிமத்தில் உள்ள எண்ணும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்த அடையாளம் இருந்தால் பேச்சே வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி (வேதாரண்யம்): குளம் தூர்வாரும்போது துருப்பிடித்த பிஸ்டல் கிடைத்தது. எடுத்தவரிடம் வாங்கலாமா?

பதில்: கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை கழுவிச் சுரண்டாமல், கிடைத்த ஈரத்தோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். உப்பு ஊறிய இரும்பு திடீரென்று காய்ந்தால் ஏடு ஏடாகப் பெயரும்.

கேள்வி (மயிலாடுதுறை): எழுத்துப்பூர்வ அனுமதியோடு ஒரு பழுதான பிஸ்டல் வாங்கியாயிற்று. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: புளி, எலுமிச்சை, பிராசோ, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால் குறியும் எழுத்தும் தேய்ந்துபோகும். அவைதான் விலையில் பாதி. தேங்காய் எண்ணெயும் தடவாதீர்கள், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். சிவப்புத் துருவை மட்டும் மெல்லிய மெஷின் ஆயிலும் நாலு சுழி (0000 எண்) இரும்புப் பஞ்சும் கொண்டு இலேசாக எடுத்து, துடைத்து, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்மெழுகு பூசுங்கள். கருத்துப்போன பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். தோல் உறையில் வைத்தால் தோலின் ஈரமே இரும்பைத் தின்னும். கட்டையின் கீழே மாவு போலக் கொட்டினால் உளுப்பு. மற்ற மரச்சாமான்களிலிருந்து உடனே பிரித்துவையுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்கு ஒன்று வாங்கி அனுப்ப ஆசை.

பதில்: நூறு வருடத்துக்கு மேற்பட்டதென்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறுக்குக் குறைவென்றால் அது பெரும்பாலும் தோட்டா போடும் துப்பாக்கி. அதற்கு இங்கேயும் அங்கேயும் ஆயுதச் சட்டம் இருக்கிறது. மகனை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.