பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழில வேரியபிளுக்கு (மதிப்பைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி) பேர் வைக்கிற ரூல்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 2மார்க் = 90 போட்டா சின்டாக்ஸ் எரர் (எழுதின விதம் தப்புன்னு), மார்க்2 = 90 போட்டா ஓடுது. ஏன் இப்படி?

பதில்: பைத்தான் எடுத்த எடுப்புல அர்த்தம் பாக்காதுப்பா, முதல்ல லெக்சர்னு ஒண்ணு கோடை இடமிருந்து வலமா எழுத்து எழுத்தா படிச்சு டோக்கன் டோக்கனா, அதாவது பேரு, நம்பர், குறின்னு துண்டு துண்டா வெட்டும். முதல்ல 2ன்னு பாத்ததுமே நம்பர்னு முடிவு பண்ணிடும், அடுத்து "மார்க்" வந்து ஒட்டி நிக்கவும் எரர். அதனால பேரு எழுத்துலயோ அண்டர்ஸ்கோர்லயோ ஆரம்பிக்கணும், நம்பர் அதுக்கப்புறம் எங்க வேணா வரலாம். மொத்த-மார்க்னு ஹைஃபன் வச்சா மைனஸ்னு எடுத்து கழிக்கப் பாக்கும், மொத்த_மார்க்னு வைங்க.

கேள்வி: அப்போ தமிழ்லயே பேர் வைக்கலாமா சார்?

பதில்: தாராளமா, பைத்தான் 3லேர்ந்து முடியும், மேல இருக்கிற மார்க்2 அப்படியே ஓடும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, தமிழ்ல டைப் பண்றவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். "கொடி"ங்கிறதுல வர்ற ஒகரக் குறியை யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துக்களை சேமிக்கிற முறை) ஒரே குறியாவும் போடலாம், ஒற்றைக் கொம்பு, கால்னு ரெண்டு குறியாவும் போடலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வேரியபிள் பேர்னா பைத்தானே ரெண்டையும் ஒண்ணாக்கிடும், ஆனா மேற்கோள் குறிக்குள்ள ஸ்ட்ரிங்கா (வெறும் எழுத்துத் தொடரா) இருந்தா தொடாது, "கொடி" == "கொடி"ன்னு கேட்டா ஃபால்ஸ்னு வரலாம்! தமிழ் டேட்டாவை கம்பேர் பண்றதுக்கு முன்னாடி நார்மலைஸ் பண்ணிடுங்க, அதாவது எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்திடுங்க, ப்ளீஸ்.

கேள்வி: ௧௨ன்னு தமிழ் எண் போட்டா?

பதில்: கோட்ல நேரா போட்டா எரர், 0லேர்ந்து 9 வரைக்கும் உள்ள சாதா டிஜிட் தான். ஆனா ஸ்ட்ரிங்கை முழு எண்ணா மாத்துற இன்ட் (int) ஃபங்ஷனுக்கு "௧௨"ன்னு ஸ்ட்ரிங்கா குடுத்துப் பாருங்க, அழகா 12 வரும்.

கேள்வி: கீவேர்ட் (if, for மாதிரி பைத்தான் தனக்குன்னு ஒதுக்கி வச்ச வார்த்தை) எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணும்னு அக்கா சொல்றாங்க, பண்ணணுமா?

பதில்: வேண்டாம்மா, பைத்தான் 3.7லேர்ந்து மொத்தமே 35 தான், எழுத எழுத பழகிடும். கீவேர்டை பேரா வச்சா உடனே எரர் வந்துடும், அதுல பயமே இல்ல. பயப்பட வேண்டியது லிஸ்ட், சம், பிரின்ட் மாதிரி பேருக்குத் தான், இதெல்லாம் கீவேர்டே இல்ல, பைத்தான்கூடவே வர்ற ரெடிமேட் பேருங்க, லிஸ்ட்னு வேரியபிள் வச்சா சத்தமில்லாம ஏத்துக்கும், அப்புறம் பத்து லைன் தள்ளி நிஜ லிஸ்ட்டை கூப்பிடும்போது தான் டைப் எரர்னு கத்தும், காரணம் மேல எங்கயோ இருக்கும்.

கேள்வி: 012ன்னு போட்டா ஏன் எரர் ப்ரோ?

பதில்: பைத்தான் 2ல அதை ஆக்டல்னு (எட்டை அடிப்படையா வச்ச எண் முறை) எடுத்து 10ன்னு படிச்சிடும், அந்தக் குழப்பமே வேண்டாம்னு 3ல தடுத்துட்டாங்க. போன் நம்பர், ரோல் நம்பர் எல்லாம் கூட்டிக் கழிக்கிற விஷயமே இல்லையே, ஸ்ட்ரிங்கா வைங்க.